மாணவர்களுக்கு வாரம் ஓர் ஓவிய வேளை: புதிதாகத் தொடங்குவோருக்கு

சென்னையின் பல பள்ளிகளில் கால அட்டவணையில் ஓவியத்துக்கென ஒரு பாடவேளை இருக்கத்தான் செய்கிறது. காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது அது கணக்குக்குப் போகிறது. அரையாண்டு நெருங்கும்போது அறிவியலுக்குப் போகிறது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்தக் கட்டமே அட்டவணையிலிருந்து மறைந்துவிடுகிறது. அந்த வேளையை மீட்க விரும்பும் இளம் ஆசிரியர்களுக்காகவும், பள்ளி விட்ட பின் குடியிருப்பின் மொட்டைமாடியிலோ கிளை நூலகத்திலோ பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து வரையவிட நினைக்கும் தன்னார்வலர்களுக்காகவும், வீட்டிலேயே தொடங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள் அல்ல, தமிழாசிரியை. வாரம் ஒரு முறை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளோடு வரைந்தும் மண் பிசைந்தும் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டது இது.

ஒரு பிள்ளை தன் விருப்பப்படி, யாருடைய தீர்ப்புக்கும் அஞ்சாமல், முக்கால் மணி நேரம் கையால் எதையேனும் செய்துகொண்டிருந்தால் அந்தப் பொழுதே அதற்கு நன்மை செய்கிறது. படம் எப்படி வந்தாலும் அந்த நன்மை குறைவதில்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த முக்கால் மணி நேரத்தை நம் கையாலேயே கெடுத்துவிடாமல் காப்பதற்கான வழி.

எதை வாக்களிக்கலாம் என்று முதலில் தெளிவாக இருங்கள்

தலைமையாசிரியரும் பெற்றோரும் கேட்கும் முதற்கேள்வி, "இதனால மார்க் கூடுமா?" என்பதுதான். கூடும் என்று சொல்லிவிட்டுத் தொடங்காதீர்கள். அமெரிக்காவில் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் ஆகிய இருவரும் அதுவரை நடந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஓவியம் கற்பதனால்தான் மற்றப் பாடங்களின் மதிப்பெண் உயர்கிறது என்று நிறுவப் போதிய சான்று கிடைக்கவில்லை. மதிப்பெண்ணைச் சொல்லி அனுமதி வாங்கினால், அடுத்த தேர்வில் மதிப்பெண் ஏறாதபோது முதலில் பறிபோவது ஓவிய வேளைதான்.

அதே ஆய்வாளர்கள் வேறு சிலரோடு சேர்ந்து பாஸ்டன் பகுதிப் பள்ளிகளின் ஓவிய வகுப்புகளை அருகிலிருந்து கவனித்து, அங்கே மாணவர்களிடம் வளர்க்கப்படும் எட்டு மனப்பழக்கங்களை 2007இல் வரிசைப்படுத்தினார்கள். உற்று நோக்குவது அவற்றுள் ஒன்று. சலிப்பு வந்தாலும் விட்டுவிடாமல் ஈடுபட்டுத் தொடர்வது இன்னொன்று. வீட்டுப்பாடத்தின் இரண்டாவது கணக்கிலேயே நோட்டை மூடிவிடும் ஒரு பையன், வண்ணம் வழிந்துபோன ஒரு தாளை மூன்று வாரம் விடாமல் திருத்திக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிடிவாதம் கணக்கு நோட்டுக்கும் போய்ச் சேரும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் தன்னிடம் அப்படி ஒரு பிடிவாதம் உண்டு என்பதை அவன் முதன்முதலாக அறிந்துகொண்டது அந்தத் தாளில்தான்.

மனநலத்தைப் பற்றிப் பேசும்போதும் அளவோடு பேசுங்கள். ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுப்படத் தாள் ஆகியவற்றில் விரும்பியதை எடுத்து விரும்பியதைச் செய்தார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்ததில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்னும் சுரப்பின் அளவு ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் அதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவர்கள் பெரியவர்கள் என்பதையும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை என்பதையும், கால்வாசிப் பேருக்கு அளவு குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் 900க்கும் மேற்பட்ட ஆய்வு வெளியீடுகளைத் தொகுத்து, கலைகளில் ஈடுபடுவது உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணை செய்கிறது என்று அறிக்கை தந்திருக்கிறது. தலைமையாசிரியரிடம் காட்டுவதற்கு இவ்வளவு போதும்.

நேரமும் இடமும்

ஒரே கிழமை, ஒரே மணி, ஒரே அறை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை நடக்கும் நான்கு மணி நேரப் பட்டறையைவிட, வாரந்தோறும் தவறாமல் வரும் 45 நிமிடமே பிள்ளைகளுக்கு உதவுகிறது. புதன்கிழமை கடைசிப் பாடவேளை தனக்கு உண்டு என்ற நினைப்பே திங்களையும் செவ்வாயையும் கடக்க உதவியதாக ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். பள்ளி விட்ட பின் நடத்துவதானால் டியூஷன் நேரத்தோடு மோதாமல் பாருங்கள். மோதினால் பிள்ளை வராது. வந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வரையும்.

முதல் ஐந்து நிமிடம் தாள் வாங்கி அமர்வதற்கு, நடுவில் முப்பது நிமிடம் செய்வதற்கு, கடைசிப் பத்து நிமிடம் கழுவி அடுக்குவதற்கு. கழுவும் வேலையை ஆயாம்மாவிடம் விடாதீர்கள். தூரிகையைக் கழுவி, தலைகீழாக வைக்காமல் படுக்கவைத்து உலர்த்துவது வரை பிள்ளைகளின் பொறுப்பு. இரண்டாம் மாதத்தில் நீங்கள் சொல்லாமலே அது நடக்கும்.

பொருள்கள்

விலையுயர்ந்த பெட்டியை வாங்கினால் பிள்ளைகள் அதை வீணாக்கப் பயப்படுவார்கள். பயந்த கை வரையாது. எனவே, தொடக்கத்தில் தாள் மலிவாகவும் ஏராளமாகவும் இருக்கட்டும்: ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள்கள், பெரிய மாதக் காலண்டரின் பின்பக்கம், பழைய கல்யாணப் பத்திரிகைகள். கல்யாணப் பத்திரிகையின் உட்புறம் கெட்டியாக இருப்பதால் தண்ணீர் வண்ணத்தைக்கூட ஓரளவு தாங்கும். எந்த வீட்டிலும் பத்துப் பத்திரிகைகளாவது கிடைக்கும். மொத்தமாகத் தாளும் சார்ட் அட்டையும் வாங்க வேண்டுமென்றால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்கும் பந்தர் தெருவுக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.

மேசை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையிடமும் பரீட்சை அட்டை இருக்கும். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் பிடித்துக்கொள்ள அதைவிட வசதியானது வேறில்லை. தேர்வு நாளில் மட்டுமே கையில் எடுத்த அட்டையில் ஒரு செம்பருத்தி வரைவது பிள்ளைக்கு அந்த அட்டையின் மீதே ஒரு புதிய பழக்கத்தை உண்டாக்குகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வண்ணத்தில், தொடங்குபவர்களுக்கு ஆயில் பேஸ்டலும் ஸ்கெட்ச் பேனாவும் எளிது. போஸ்டர் வண்ணம் வாங்கினால் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்து புட்டிகள் மட்டும் வாங்கி மற்றவற்றைக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். பச்சை எப்படி வருகிறது என்று தானே கண்டுபிடித்த பிள்ளை அன்று முழுக்கப் பச்சையாகவே வரைந்து தள்ளும். கலப்பதற்குக் கொட்டாங்குச்சி போதும். அடுப்புக்கரி, காவிக்கட்டி, மஞ்சள்தூள் கரைசல், துணிக்குப் போடும் சொட்டுநீலம் என்று சமையலறையிலும் குளியலறையிலும் இருப்பவற்றிலிருந்தே பாதி வண்ணம் கிடைத்துவிடும். மே மாத வெயிலில் தட்டிலுள்ள வண்ணம் பேசிக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடுகிறது. நவம்பர் மழையில் வரைந்த தாள் மறுநாள் வரை ஈரமாகவே இருக்கிறது. மழைக்காலத்துக்குப் பென்சிலும் பேஸ்டலும் என்று ஒதுக்கிவிடுவது நல்லது.

இன்னொன்று, சிறிதாகத் தோன்றினாலும் பெரிது. சீருடையில் கறை பட்டால் வீட்டில் திட்டு விழும். திட்டு வாங்கிய பிள்ளை மறுவாரம் ஓரத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்பாவின் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பொத்தான் முதுகுப்பக்கம் வரும்படி மாட்டிவிடுங்கள்.

முதல் நாள்: புள்ளி வைத்துத் தொடங்குங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாரும் முதல் நாள் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறோம்: "உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க." நல்லெண்ணத்தோடு சொல்கிறோம். ஆனால் வெற்றுத் தாளைக் கண்டால் பிள்ளை கலங்குகிறது; கலங்கிய பிள்ளை தனக்குப் பழகிய படத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. நெருக்கடியான வடசென்னை வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் அதைத்தான் வரைகிறது.

நான்சி கரி, டிம் காசர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கல்லூரி மாணவர்கள் 84 பேருக்கு முதலில் சிறிது பதற்றம் உண்டாக்கி, பிறகு சிலருக்கு வட்டவடிவ மண்டலக் கோலத்தையும், சிலருக்குக் கட்டம் போட்ட வடிவத்தையும், சிலருக்கு வெற்றுத் தாளையும் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வடிவம் இருந்த தாள்களில் தீட்டியவர்களின் பதற்றம் தணிந்தது. வெற்றுத் தாள் கிடைத்தவர்களுக்கு அப்படித் தணியவில்லை. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. ஆயினும், பதற்றத்தோடு வரும் மனத்துக்குக் கையைப் பிடித்து நடத்தும் ஒரு வடிவம் முதலில் தேவைப்படுகிறது என்பது என் அனுபவத்துக்கும் ஒத்துவருகிறது.

நம் ஊரில் அந்த வடிவத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. வாசலில் இருக்கிறது. முதல் நாள் தாளில் ஐந்து புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள்: நடு வரிசையில் ஐந்து, அதன் மேலும் கீழும் மும்மூன்று, பிறகு ஒவ்வொன்று. பிறகு எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் சிக்குக் கோலம் ஒன்றைப் போட முயலச் சொல்லுங்கள். முடிக்கத் தெரிந்த பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டும். கோடு தவறினால் அழிக்க வேண்டாம், தவறிய இடத்திலிருந்தே வேறு வழியில் வளைத்துக்கொண்டு போகலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே உண்டாகும் இடங்களை அவரவர் விருப்பப்படி வண்ணத்தால் நிரப்பட்டும். வடிவம் பொதுவானது, வண்ணம் தன்னுடையது என்பதால், பயமும் இல்லை, பிறர் சொன்னதைச் செய்தோம் என்ற உணர்வும் இல்லை.

கோலம் பெண்பிள்ளைகள் வேலை என்று பையன்கள் முதலில் ஒதுங்குவது உண்டு. மயிலாப்பூரில் ஜனவரியில் வடக்கு மாடவீதியில் நடக்கும் கோலப் போட்டியில் ஆண்களும் உட்கார்ந்து போடுவதை அவர்களிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேரைச் சொல்லாமல் "புள்ளியைத் தொடாமல் ஒரே கோட்டில் முடி பார்ப்போம்" என்று புதிராகக் கொடுத்துவிடுங்கள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் புள்ளியும் வளைவும் மட்டும் போதும். விளக்கும் தாமரையும் வேண்டுமென்பவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். மறுவாரம் பாதிப் பேர் அம்மாவிடமோ ஆயாவிடமோ கேட்டு ஒரு புதிய கோலத்தோடு வருவார்கள். படிப்பைப் பற்றி மட்டுமே பேச்சு நடக்கும் வீட்டில் வேறு ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள்.

"எனக்கு வரைய வராது மிஸ்"

ஆறாம் வகுப்புக்கு மேல் இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் இராது. ஆஸ்திரியாவில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் ஓவியக் கல்வி பயிற்றிய விக்டர் லோவன்ஃபெல்ட், பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்தபோது, ஏறக்குறைய ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு திருப்பம் வருவதைச் சுட்டினார். அதுவரை தான் அறிந்ததை வரைந்த பிள்ளை, இப்போது கண்ணுக்குத் தெரிவதோடு தன் படத்தை ஒப்பிடத் தொடங்குகிறது, ஒப்பிட்டுத் தோற்றுப்போகிறது. அந்தப் பருவத்தில் கைவிட்டவர்கள்தாம் பின்னாளில் எனக்கு வரைய வராது என்று சொல்லும் நம்மில் பெரும்பாலோர்.

"வரும், வரும், முயற்சி செய்" என்று ஊக்குவிப்பதால் இது தீர்வதில்லை. ஒப்பிட முடியாத வேலையைக் கொடுப்பதால் தீர்கிறது. ஒரு முருங்கைக்காயையோ, வெட்டிய இளநீரையோ முன்னால் வைத்து, தாளைப் பார்க்காமல் காயை மட்டும் பார்த்துக்கொண்டு, கண் போகும் வேகத்திலேயே பென்சிலை நகர்த்தச் சொல்லுங்கள். யாருக்கும் ஒழுங்காக வராது. எல்லாருடைய கோடும் எங்கோ போயிருக்கும். அறை முழுக்கச் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பில் யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. ஆனால் கோட்டைச் சற்று நேரம் பார்த்தால், முருங்கைக்காயின் கணுவும் முறுக்கும் அதில் இருப்பது தெரியும். "இந்த வளைவு உனக்கு எங்கே கிடைச்சது?" என்று கேளுங்கள், காயில் அந்த இடத்தைப் பிள்ளை தொட்டுக் காட்டும்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகிய இரு உளவியலாளர்கள், மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் பிறக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்று பல ஆண்டு ஆய்வுகளின் வழியாகச் சொன்னார்கள்: நானே தேர்ந்தேன் என்பது, என்னால் முடிகிறது என்பது, எனக்கு உறவென்று சிலர் இருக்கிறார்கள் என்பது. ஓவிய வேளையில் இம்மூன்றையும் சிறு அளவில் தர முடியும். மூன்று அளவுத் தாளில் ஒன்றை எடுத்துக்கொள் என்பதும், தரையிலா பெஞ்சிலா என்பதும், தனியாகவா இருவராகவா என்பதும்கூடத் தேர்வுகள்தாம். நாள் முழுக்க ஒரு தேர்வும் தன் கையில் இல்லாத பிள்ளைக்கு இவை சிறியவை அல்ல.

பரிசும் பாராட்டும்

இதில் நான் சற்று அழுத்தமாகவே பேச வேண்டியிருக்கிறது. மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய மழலைப்பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே தந்தார்கள். இன்னொரு பிரிவுக்கு முன்பே சொல்லாமல், வரைந்த பின் அதே சான்றிதழைத் தந்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் தரவில்லை. சில நாள் கழித்து, பேனாவும் தாளும் மறுபடி வகுப்பில் வைக்கப்பட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்ற இரு பிரிவினரும் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் வரைவதில் செலவிட்டார்கள். விரும்பிச் செய்த வேலை, கூலிக்குச் செய்யும் வேலையாக மாறிவிட்டிருந்தது.

ஆகவே உங்கள் ஓவிய வேளையில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் வேண்டாம். போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் மேடையேறி மலர்ந்த பிள்ளைகள் பலர். அதற்குப் போக விரும்பும் பிள்ளைக்கு வேறொரு நாளில் தனியாகப் பயிற்சி கொடுங்கள். இந்த முக்கால் மணி நேரத்தில் மட்டும் போட்டியின் பேச்சு வரக் கூடாது.

பாராட்டிலும் கவனம் தேவை. "சூப்பர்", "ரொம்ப அழகு" என்று சொல்லிக்கொண்டே நடந்தால், சொல்லாமல் கடந்த பிள்ளையின் முகத்தைத் திரும்பிப் பாருங்கள். அதற்குப் பதிலாகக் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள்: "இந்த ஓரத்துல மூணு விதப் பச்சை போட்டிருக்க." "போன வாரத்தைவிட இன்னைக்கு அழுத்திக் கோடு போட்டிருக்கப்பா." நம்மை ஒருவர் உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்பது அதில் பிள்ளைக்குத் தெரிகிறது. என்ன வரைந்திருக்கிறாய் என்று கேட்பதைவிட, "இதைப் பத்தி எனக்குச் சொல்றியாம்மா?" என்று கேளுங்கள்; சொல்ல விரும்பாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் ஒருபோதும் படக் கூடாது. யானையின் துதிக்கையைத் திருத்திக் கொடுத்த அந்த நொடியிலிருந்து அது உங்கள் யானை.

மனம் கலங்கிய பிள்ளை வரும்போது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்து பள்ளி திறந்த முதல் வாரம், மனத்திலுள்ளதை வெளியே கொட்டினால் பாரம் இறங்கும் என்று நம்பி, வெள்ளத்தை வரையும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். தவறு செய்தேன். பள்ளிக்கரணைப் பக்கத்திலிருந்து வரும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மற்றவர்களும் அன்று பேசாமல் கலைந்தார்கள். மறுவாரம் எதையும் சொல்லாமல் தாளையும் பேஸ்டலையும் நடுவில் வைத்துவிட்டு, பள்ளித் தோட்டத்திலிருந்து நாலைந்து பூக்களையும் இலைகளையும் பறித்துவந்து வைத்தேன். அவள் ஒரு செம்பருத்தியை எடுத்துக்கொண்டு, முப்பது நிமிடமும் அதன் தண்டிலுள்ள மகரந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் ஒரு நாள், யாரும் கேட்காமலே, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் கேஸ் சிலிண்டர் மிதந்ததை வரைந்து, அதைப் பற்றிப் பக்கத்துப் பிள்ளையிடம் பேசினாள்.

ஜெனிஃபர் டிரேக்கும் எலன் வின்னரும் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பிறகுதான் அறிந்தேன். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் தங்களுக்கு ஏமாற்றம் தந்த ஒரு நிகழ்ச்சியை நினைக்கச் சொல்லி, சிலரை அந்த நிகழ்ச்சியையே வரையவும், சிலரை அதோடு தொடர்பில்லாத ஒரு வீட்டை வரையவும் விட்டபோது, வீட்டை வரைந்தவர்களின் மனநிலையே கூடுதலாகத் தேறியது. துயரத்தை வரையச் சொல்லிக் கேட்க வேண்டாம்; அதை வரைய நாள் வரும்போது பிள்ளையே வரையும். அதுவரை செம்பருத்தி போதும்.

படத்தைக் கொண்டு மனத்தைக் கணிக்கவும் முற்படாதீர்கள். கறுப்பு வண்ணம் எடுத்தால் சோகம், கை இல்லாமல் மனிதனை வரைந்தால் பயம் என்றெல்லாம் பரவியிருக்கும் சூத்திரங்களை நம்பி ஒரு பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிடக் கூடாது. பெட்டியில் மிச்சமிருந்தது கறுப்பு மட்டுமாகவும் இருக்கலாம். ஓவிய வழிச் சிகிச்சை என்பது தனிப் பயிற்சி பெற்றவர்களின் தொழில். நாம் செய்வது அதுவன்று.

ஆனால் ஒரு பிள்ளை வாயைத் திறந்து, தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொன்னால், அல்லது உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அப்போது நாம் செய்ய வேண்டியவை தெளிவாக உள்ளன. குறுக்கிடாமல் கேளுங்கள், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அன்றே பொறுப்பானவர்களிடம் கொண்டு செல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயம். பள்ளியின் பெயர் கெடும் என்று யார் தடுத்தாலும் அது மாறாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். இந்த இரண்டு எண்களையும் வண்ணப்பெட்டியின் மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

களிமண்ணும் வெளிப்பயணமும்

தாளில் ஒட்டாத பிள்ளை மண்ணில் ஒட்டும். எழுதுவதில் சிரமப்படுபவர்கள், ஓரிடத்தில் உட்கார முடியாதவர்கள், பேசவே பேசாதவர்கள் என்று நான் கவலைப்பட்ட பலர் களிமண் நாளில் வேறு பிள்ளைகளாக இருந்தார்கள். புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டையில் குயவர்கள் பிள்ளையாரும் கொலுப் பொம்மைகளும் செய்யும் தெருக்கள் உள்ளன. அங்கே கேட்டால் பிசைந்த மண் கிடைக்கும். ஈரத்துணி சுற்றி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். செய்த பொருளைச் சுட்டெடுக்க வசதி இல்லையென்றால் கவலை வேண்டாம். உடைத்து மறுபடி பிசைந்துகொள்வதே பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி.

ஆண்டுக்கு இரண்டு முறையாவது வெளியே அழைத்துச் செல்லுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851 முதல் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லாக் கூடங்களையும் காட்டி முடிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு கையை மட்டும் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். நாற்பது நிமிடம் ஒரு கையைப் பார்த்த பிள்ளை அந்தச் சிலையை வாழ்நாள் முழுக்க அறியும்.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு, குறிப்பாக, வரைவது சோறு போடுமா என்று வீட்டில் கேட்கப்படுபவர்களுக்கு, ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலக் கலைக்கிராமத்தைக் காட்டுங்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் வளர்ந்து இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. அங்கே முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், படித்து முடித்த ஓவியர்கள் பிழைப்புக்காகக் கலையைக் கைவிடுவதைக் கண்டு, அவர்களோடு சேர்ந்து பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தைக் கொண்டு 1966இல் உருவாக்கியது அக்கிராமம். பகலில் கைத்தொழில், மிச்ச நேரத்தில் ஓவியம் என்று அவர்கள் வாழ்ந்து காட்டிய இடத்தில் நின்று கேட்கும்போது, பதினாறு வயது மாணவனுக்கு அந்தக் கதை நம் அறிவுரையைவிட நன்றாகப் புரிகிறது.

தேர்வு மாதங்களில்

ஜனவரியில் திருப்புதல் தேர்வு தொடங்கியதும் ஓவிய வேளையை நிறுத்தும்படி கேட்பார்கள். முழுக்க நிறுத்தாமல் இருபது நிமிடமாகச் சுருக்கிக்கொள்ளலாம் என்று பேசிப் பாருங்கள். அம்மாதங்களில் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம். புள்ளிக் கோலம், கட்டங்களுக்குள் கோடு, முதல் மாதத்தில் செய்த எளிய வடிவங்கள் ஆகியவையே போதும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் பழைய தாளை எடுத்து அதன்மேலேயே தொடர்வார்கள், பேச மாட்டார்கள், பேச வைக்கவும் வேண்டாம். இருபது நிமிடம் யாரும் அவர்களிடம் எதையும் கேட்காமல் இருப்பது அவர்களுக்கு அந்த மாதத்தில் வேறெங்கும் கிடைப்பதில்லை.

ஆண்டு முடிவில்

ஒவ்வொரு தாளின் பின்னும் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி, பிள்ளைக்கு ஒரு கோப்பாகச் சேர்த்துவையுங்கள். சுவரில் மாட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கும் இதே விதிதான். ஏப்ரல் கடைசி வகுப்பில் கோப்புகளைத் திருப்பிக் கொடுத்து, ஜூன் மாதத்துத் தாளையும் கடைசித் தாளையும் அடுத்தடுத்துத் தரையில் பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். பிறகு, வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பாதவர்களின் கோப்புகளை வாங்கி அலமாரியில் பூட்டிவையுங்கள். இரண்டு ஆண்டு கழித்தும் வந்து கேட்பவர்கள் உண்டு.